சித்தப்பாவுக்குப் பாட்டு இல்லை

தம்பி, கோவிச்சுக்காம காதுல மாட்டியிருக்கறதைக் கொஞ்சம் கழட்டுங்க. இப்ப இந்த பஸ்ஸுல ஒரு பாட்டு ஓடுச்சே, கேட்டீங்களா? கேக்கலையா. சரி, போகட்டும். அருப்புக்கோட்டையில இருந்து சாத்தூர் போறதுக்குள்ள டிரைவர் எப்படியும் இன்னொரு தடவை போட்டுருவாரு. இந்த ரூட்டுல எல்லா பஸ்ஸுலயும் இப்ப அதுதான். சித்தி பாட்டு. கல்யாண வீடு, காதுகுத்து, சடங்கு வீடு, எங்க போனாலும் ஓடுது. அந்தப் பாட்டை உண்டாக்குனது யாருங்கறீங்க? நான்தான். பக்கத்துல உக்காந்திருக்கேன்ல, நானேதான்.

நான் எழுதல, பாடல, மெட்டுப் போடல. அதெல்லாம் வேற ஆளு. ஆனா நான் இல்லைன்னா அந்தப் பாட்டு இல்ல. அதுல என் பேரு ஒரு இடத்துலகூட வராது, அது வேற விஷயம். அந்த வேற விஷயத்தைத்தான் உங்ககிட்ட சொல்லலாம்னு பார்க்கறேன். நீங்களும் சாத்தூர்தானே? நல்லதாப் போச்சு.

என் பேரு சோலைமலை. அருப்புக்கோட்டையில ராஜகனி மஹால்னு ஒரு கல்யாண மண்டபம் இருக்கு, அதுக்கு நான்தான் மேனேஜர். பல வருஷமா அங்கதான். அதனால பாட்டு விஷயத்துல என்னை யாரும் ஏமாத்த முடியாது. ஆபீஸ் ரூம்ல உக்காந்துக்கிட்டே, காதுல விழுற பாட்டை வச்சு மேடையில என்ன நடக்குதுன்னு சொல்லிருவேன். பொண்ணு மேடைக்கு வருதா, அதுக்கு ஒரு பாட்டு. தாலி கட்டியாச்சா, அதுக்கு ஒண்ணு. பொண்ணு அப்பன் கால்ல விழுந்து எந்திரிக்குதா, அப்ப ஒரு பாட்டு வரும் பாருங்க, அதுக்கு அழுகாத அப்பனை நான் பார்த்ததில்ல. பொண்ணைக் கட்டிக் குடுத்தாப் போதும், நிம்மதின்னு இருக்கறவன்கூட அந்தப் பாட்டு வந்தா மூக்கை உறிஞ்சிருவான். அம்மாவுக்குக் கேக்கவே வேணாம், அம்புட்டுப் பாட்டு. அண்ணன் தங்கச்சிக்கு இருக்கு. கூட்டாளிக்கு இருக்கு, பயலுக தோள்ல கையப் போட்டுக்கிட்டு மேடைப் பலகை உடையுற மாதிரி ஆடுவானுக. மச்சினிச்சிக்கு இருக்கு, அதை விடுங்க.

சித்தப்பாவுக்கு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமே இல்ல. சித்தப்பாவுக்குன்னு, சித்தப்பாவை நினைச்சு, நாலு பேர் கண்ணு கலங்குற மாதிரி ஒரு பாட்டு? வராது தம்பி. நான் எத்தனையோ பேர்கிட்ட கேட்டுட்டேன். சினிமாவுல சித்தப்பா வந்தா சொத்தைப் பிடுங்க வருவான், இல்லைன்னா வேட்டி அவுந்து விழுகுறதுக்கு வருவான்.

இதை ஏன் நான் இம்புட்டு யோசிச்சேன்னா, எனக்கு ஒரே அண்ணன், தங்கவேல். தாலுகா ஆபீஸ்ல இருந்து ரிட்டயர்டு ஆனவரு. மதினி சாந்தகுமாரி, நர்ஸா இருந்தாங்க. அவங்களுக்கு ஒரே பொண்ணு, சுகப்பிரியா. சுகான்னு கூப்பிடுவோம். எனக்கும் என் வீட்டுக்காரி இந்திராணிக்கும் பிள்ளை இல்ல. அதை நான் சுத்தி வளைச்சுப் பேசறதில்ல. இல்ல, அவ்வளவுதான். அதனால சுகா கல்யாணம்தான் எங்களுக்கும் கல்யாணம். வேற ஒண்ணு எங்களுக்கு வரப்போறதில்ல. அந்தக் கல்யாணத்துல, எல்லாரும் பார்க்குற மாதிரி, சித்தப்பான்னு எனக்கு ஒரு இடம் வேணும்னு ஆசைப்பட்டேன். அது தப்பா சொல்லுங்க.

தாய்மாமன் இருக்கானே, மதினியோட தம்பி ரத்தினவேலு, திருப்பூர்ல பனியன் கம்பெனி வச்சிருக்கான். நல்ல மனுசன், குறை சொல்ல மாட்டேன். ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை வருவான், பொங்கலுக்கு. சுகாவுக்குச் சடங்கு வச்சோம். சீர்த்தட்டு வரிசையா வருது, முன்னாடி ரத்தினவேலு வர்றான், பட்டு வேட்டி, கூலிங் கிளாஸ். தாய்மாமன் பாட்டு ஊரைத் தூக்குது. ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு. தாய்மாமன் பாட்டுன்னு எடுத்தா ஒரு பென் டிரைவ் பத்தாது தம்பி. அவனுக்குப் பின்னாடி நான் வர்றேன், தோள்ல வாழைத்தார். நான் வாசலைத் தாண்டவும் மைக் செட்டுக்காரன் பாட்டை நிறுத்திட்டான். நிறுத்திட்டு, வாசலை மறிச்சு நிக்கிற பைக்கை யாராவது எடுங்கன்னு அறிவிக்கிறான். நான் வாழைத்தாரோட, அந்த அறிவிப்புக்கு நடந்து போனேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். சுகா கல்யாணத்துல சித்தப்பாவுக்கு ஒரு பாட்டு ஓடணும். இல்லாத பாட்டை எங்கே இருந்து ஓட்டறது? செய்யணும். செய்யச் சொல்லணும்.

சாத்தூர்ல ஒரு அம்மா இருக்கு, ஜெபராணின்னு. செல்போன் கடை மாடியில ஸ்டுடியோ. சுவரு பூரா முட்டை அட்டையை ஒட்டி வச்சிருக்கும், சத்தம் வெளிய போகாம இருக்க. அது பாட்டெழுதும், பாடும். வீட்டுக்காரர் கீபோர்டு வாசிப்பாரு. ஆல்பம் பாட்டு போடுறாங்க. பொறந்த நாளு, காதுகுத்து, புது வீடு, ரிட்டயர்மெண்டு, எதுக்குக் கேட்டாலும் போட்டுக் குடுப்பாங்க. ஒருத்தன் புது டிராக்டருக்குப் போட்டுட்டுப் போனான்னா பார்த்துக்கங்க. பெரும்பாலும் மெட்டு தயாரா இருக்கும், பேரை மட்டும் மாத்துவாங்க. முருகேஸ்வரிக்குப் பாடுனதுல அடுத்த வாரம் மகேஸ்வரியை உக்கார வச்சிருவாங்க.

நான் போய் உக்காந்தேன். "எனக்குப் பேரு மாத்துற பாட்டு வேணாம்மா. புதுசா வேணும். சித்தப்பா பாட்டு" அப்படின்னேன்.

ஜெபராணி வீட்டுக்காரரைப் பார்த்துச்சு. அவரு ஜெபராணியைப் பார்த்தாரு. "அண்ணாச்சி, இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" அப்படிங்குது.

"அதனாலதான் நான் கேக்கறேன்."

"சரி, பொண்ணுக்கு நீங்க என்னென்ன செஞ்சீங்க, சொல்லுங்க. நடந்ததைச் சொல்லுங்க அண்ணாச்சி. நடந்தது இருந்தாத்தான் சரணம் நிக்கும்."

நான் சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு ஆரம்பிச்சேன். சொல்றதுக்கா பஞ்சம்?

முதல்ல, வளர்த்ததைச் சொன்னேன். சுகா கைக்குழந்தையா இருக்கறப்ப மதினிக்கு மானாமதுரை ஆஸ்பத்திரியில வேலை. ஷிப்ட்டு ஷிப்ட்டா வரும். அண்ணனுக்கு வேற ஊரு. பிள்ளையை யார் பார்க்கறது? நாங்க அப்ப கோவில்பட்டியில இருந்தோம். கொண்டாங்க, நான் வளர்க்கறேன்னு வாங்கிட்டு வந்தேன். ஏழு வயசு வரைக்கும் எங்க வீட்டுலதான் வளர்ந்துச்சு. நான்தான் வளர்த்தேன். பிள்ளை அழுதா எனக்கு மனசே தாங்காது தம்பி. உடனே இந்திராணியை எழுப்பி விட்டுருவேன். ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேன். சாப்பாட்டு விஷயத்துல அதைவிடக் கண்டிப்பு. கடையில இருந்து வந்ததும், "பிள்ளை சாப்பிட்டுச்சா"ன்னு வாசல்லயே நின்னு கேப்பேன். சாப்பிட்டுச்சுங்கன்னு உள்ளே இருந்து சத்தம் வந்தாத்தான் செருப்பைக் கழட்டுவேன். அப்படி ஒரு வைராக்கியம்.

இதைச் சொன்னப்போ ஜெபராணி தலையை ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. அப்பவே கண்ணு லேசாக் கலங்குன மாதிரி தெரிஞ்சது. சரி, பாட்டு நல்லா வரும்னு நினைச்சுக்கிட்டேன்.

அடுத்து மயில் டான்ஸ். நாலாம் வகுப்பு, ஸ்கூல் ஆண்டு விழா. அதுக்குள்ள எல்லாரும் அருப்புக்கோட்டைக்கு வந்தாச்சு. சுகாவை மயில் டான்ஸுல சேர்த்தாங்க, ஆனா ரெண்டாவது வரிசை. நான் விடுவேனா? நேரா ஸ்கூலுக்குப் போய் டீச்சர்கிட்ட, என் அண்ணன் மக என்ன மட்டமான்னு ஒரு சத்தம் போட்டேன். வராண்டாவே அமைதியாயிருச்சு. மறுநாள் பார்த்தா பிள்ளையைக் கடைசி வரிசைக்கு மாத்திட்டாங்க. அதுக்கு மறுநாள் இந்திராணி ஒரு தூக்குவாளியில முறுக்கு சுட்டு எடுத்துக்கிட்டு டீச்சரைப் பார்க்கப் போனா. என்னமோ பேசிட்டு வந்தா. சாயங்காலமே சுகா முதல் வரிசை, நடு மயில். பார்த்தீங்களா, சத்தம் போட்டா உடனே பலன் தெரியாது, ரெண்டு நாள் ஆகும்.

அந்த மயிலுக்குத் துணி. கடைத்துணி எதுவும் அந்தக் கலருக்கு வரலை. இந்திராணிகிட்ட தலைதீபாவளிக்கு எடுத்த பட்டுச்சேலை ஒண்ணு இருந்துச்சு, மயில்கழுத்துக் கலரு. பொட்டியில வச்சு வச்சுப் பார்ப்பா. அதை எடுத்துட்டு வந்து, "என்னங்க, வெட்டட்டுமா"ன்னு கேட்டா. வெட்டுன்னு சொல்லிட்டேன். ஒரு வார்த்தை, யோசிக்கவே இல்ல. அந்தக் காலத்துல எந்தப் புருசன் அப்படிப் பெரிய மனசு பண்ணுவான்? அவ உக்காந்து கையாலயே தச்சா. பிள்ளை மேடையில ஆடுச்சு, சும்மா சொல்லக்கூடாது, தோகை விரிஞ்சது. நான் முன் வரிசையில உக்காந்து பார்த்தேன். இந்திராணி மேடைக்குப் பின்னாடி ஊக்கு குத்திக்கிட்டு இருந்ததால அவளுக்குப் பார்க்கக் கிடைக்கலை.

மூணாவது, காலேஜு. சுகாவுக்குக் கோயமுத்தூர்ல படிக்கணும். அண்ணன் ஹாஸ்டலுக்கு அனுப்ப மாட்டேன்னு ஒரே பிடி. பிள்ளை எங்க வீட்டுக்கு வந்து அழுகுது. நான் தீர்மானமா இருந்தேன், சுகா கோயமுத்தூர் போகுது, அவ்வளவுதான். ஆனா அண்ணன் முன்னாடி நின்னு பேச எனக்கு வாய் வராது தம்பி, சின்ன வயசுல இருந்தே அப்படி. மரியாதை. அதனால இந்திராணியை அனுப்பி வச்சேன். அவ காலையில போனவ, அவங்க அடுப்படியில நுழைஞ்சு மூணு வேளையும் சமைச்சா. எல்லாருக்கும் பரிமாறுனா. அவ மட்டும் சாப்பிடல, ஒரு வார்த்தை பேசவும் இல்ல. பொழுது சாய அண்ணனுக்குச் சோறு இறங்கலை. "சரி தாயி, அனுப்பறேன், நீ முதல்ல சாப்பிடு"ன்னுட்டாரு. சரியான நேரத்துல சரியான ஆளை அனுப்பறது இருக்கே, அதுதான் தம்பி மூளை.

எல்லாத்தையும் கேட்டு முடிச்சுட்டு ஜெபராணி, "உங்க வீட்டுக்காரம்மா பேரு என்ன அண்ணாச்சி"ன்னு கேட்டுச்சு. சொன்னேன். "அவங்களுக்குப் பாட்டு பிடிக்குமா?" அப்படின்னு வேற. அவளுக்கு எங்க நேரம், அடுப்படியில ரேடியோ பாடுனா பாடும்னேன். எதுக்குக் கேக்குதுன்னு நான் யோசிக்கலை. ஒருவேளை வீட்டுக்காரி பேரு தெரிஞ்சாத்தான் எதுகை மோனை வருமோ என்னமோன்னு இருந்துட்டேன்.

பாட்டு தயாரானதும் வந்து கேளுங்கன்னு போன் வந்துச்சு. நான் போகலை. எல்லாரும் கேக்கும்போது சேர்ந்து கேட்டாத்தான் எனக்கும் அந்த மெய்சிலிர்ப்பு வரும், நேரா மண்டபத்து சவுண்டுக்காரனுக்கு அனுப்பிருங்கன்னுட்டேன். மெட்டு மட்டும் போன்ல கொஞ்சம் கேட்டேன். தவிலும் கிளாரினெட்டும் வச்சு, கேட்டதுமே கால் தாளம் போடுற மெட்டு.

கல்யாணம் எங்க மண்டபத்துலதான். வேற எங்க வைக்க விடுவேன்? முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு. மேடைக்குப் பக்கத்துல பெரிய டிஜிட்டல் திரை. சுகாவோட சின்ன வயசுப் போட்டோ வரும், ஒவ்வொரு சொந்தத்துக்கும் ஒரு பாட்டு வரும். அம்மா பாட்டு, அப்பா பாட்டு, தாய்மாமன் பாட்டு, அதுக்கடுத்து நான். போட்டோகிராபர் செல்வின் நம்ம பையன், அவன்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன். "என் பாட்டு ஆரம்பிச்சதும் கேமராவை என் முகத்துல வையி. நகத்தாத. முகம் முழுசாத் திரையில வரணும்." சந்தனக் கலர் பட்டுச்சட்டை. மேடைக்கு இடது பக்கத் தூண்கிட்ட வெளிச்சம் நல்லா விழும், அந்த இடத்தை நான் காலையில இருந்து யாரையும் நிக்க விடல. எப்படி நிக்கணும்னும் முடிவு பண்ணியிருந்தேன். முதல்ல கொஞ்சம் தலையைக் குனியறது. அப்புறம் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கறது. அப்புறம் மெதுவா சுகாவைப் பார்க்கறது. வீட்டுல கண்ணாடி முன்னாடி நாலு தடவை செஞ்சு பார்த்துக்கிட்டேன்.

ரத்தினவேலு பாட்டு முடிஞ்சது. அறிவிக்கிற பையன் சொன்னான், "அடுத்து, மணமகளின் சித்தப்பா சோலைமலை அவர்களின் அன்புப் பரிசு." தவில் ஆரம்பிச்சது. செல்வின் சொன்ன சொல் மாறாத பையன். என் முகம் திரையில வந்துச்சு, லாரி அகலத்துக்கு. நான் தலையைக் குனிஞ்சேன். கண்ணாடியைக் கழட்டுனேன். அப்பதான் ஜெபராணி குரல் வந்துச்சு.

"சித்தின்னா சித்தி, எங்க இந்திராணி சித்தி,
பசிக்கு முந்திப் பந்தி வைக்கும் புத்தி..."

தம்பி, அப்ப என் முகம் எப்படிப் போச்சுன்னு நான் வாயால சொல்ல வேண்டியதில்ல. ஆயிரம் பேரு திரையில பார்த்தாங்க. சுகா அதை வெட்டி எடுத்து வாட்ஸ்அப் ஸ்டிக்கரா வச்சிருக்கு. எங்க சொந்தக்காரங்க குரூப்ல யாருக்கு என்ன அதிர்ச்சின்னாலும் இன்னிக்கும் என் மூஞ்சிதான் வரும். போன வாரம் தக்காளி விலைக்கு வந்துச்சு.

தப்பான பாட்டு, நிறுத்துன்னு நான் சவுண்டுக்காரனைப் பார்த்துக் கையை ஆட்டுறேன். அவன் நான் குஷியில ஆடுறேன்னு நினைச்சுக்கிட்டு இன்னும் சத்தமா வைக்கிறான். செல்வின் கேமராவை எடுக்கவே இல்ல. நகத்தாதன்னு நான்தானே சொல்லி வச்சிருக்கேன்.

"மயிலுக்குத் தோகை தச்சவ யாரு,
தலதீவாளிச் சேலையைக் கேளு..."

அதுல கூட்டம் அப்படியே அடங்கிருச்சு. சினிமாவுல சித்தின்னாலே சூடு போடுறவதானே, நல்ல சித்தியை யார் பாடியிருக்கா? பொம்பளையாளுக எல்லாம் முந்தானையை எடுத்துட்டாங்க. அண்ணன் சோறு இறங்காத கதை வந்துச்சு, பேரு சொல்லாம. அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. மதினி ஏங்கி ஏங்கி அழுகுறாங்க. நான் ஒவ்வொரு வரியா பார்க்கறேன், இந்தா அடுத்த வரியில சித்தப்பா வந்துருவாரு, இந்தா வந்துருவாருன்னு. வரலை.

அப்ப சுகா மேடையை விட்டு இறங்குச்சு. அம்புட்டு நகை, அம்புட்டுப் பூவு, பட்டுச்சேலையை ஒரு கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நேரா என் பக்கம் வருது. சரி, பாட்டுல இல்லாட்டியும் பிள்ளைக்குத் தெரியும்லன்னு நான் கையை லேசா விரிச்சேன். என் கன்னத்துல ஒரு தட்டு தட்டிட்டு, என்னைத் தாண்டிப் போயிருச்சு. கீழே சாப்பாட்டு ஹாலுக்கு.

இந்திராணி அங்கதானே இருப்பா. வரவேற்பு மேடைக்கு ஒரு தடவைகூட ஏறலை. பந்தியில கிழக்கு வரிசைக்கு அப்பளம் வரலைன்னு, அவளே தட்டை எடுத்துக்கிட்டு வச்சுக்கிட்டு இருந்திருக்கா. பாட்டுச் சத்தம் கீழேயும் கேட்டிருக்கு. வேற எந்த இந்திராணியையோ சொல்றாங்கன்னு நினைச்சாளாம். சுகா போய்க் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துச்சு. கையில அப்பளத் தட்டு அப்படியே இருக்கு. சாம்பார் கறை பட்ட சேலை. கீழே வைக்கக்கூட இடம் குடுக்காம மேடையில ஏத்தி, மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் நடுவுல நிக்க வச்சுட்டாங்க. ஆயிரம் பேரு எந்திரிச்சு நின்னு கை தட்டுறாங்க. அவளுக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. மாப்பிள்ளை தட்டுல இருந்து ஒரு அப்பளத்தை எடுத்துக் கடிச்சாரு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. மைக்கைக் குடுத்தாங்க. பொறந்ததுல இருந்து மைக்கைத் தொட்டதில்ல அவ. வாங்கி, "எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்"னா. திருப்பிக் குடுத்துட்டா.

எனக்குக் கோபம்தான். இல்லைன்னு சொன்னா பொய். ஆனா அவ அங்க அப்பளத் தட்டோட நின்னப்போ, நிஜத்தைச் சொல்றேன், எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அவ முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்ல. கண்ணாடியைக் கழட்டி நிஜமாவே துடைச்சேன். அந்த நேரம் பார்த்து செல்வின் கேமராவை மேடைக்குத் திருப்பிட்டான்.

அப்புறம் பார்க்கணுமே. ரத்தினவேலு ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "மச்சான், பொண்டாட்டிக்கு இப்படிப் பாட்டுப் போட்ட மனுசனை நான் பார்த்ததில்ல"ன்னு அழுகுறான். எங்க தெருவுல அத்தனை பொம்பளைகளும் புருசன்மார்கிட்ட, சோலைமலை அண்ணனைப் பாருங்கன்னு சொல்றாங்களாம். ஆம்பளைக என்னைப் பார்த்தா டீக்கடையில நகந்து உக்கார்றாங்க. நான் மறுக்கலை. வந்த நல்ல பேரை எதுக்குத் திருப்பி அனுப்பணும்?

மறுநாள் தாலி கட்டு முடிஞ்ச கையோட ஜெபராணிக்குப் போன் போட்டேன். "என்னம்மா இது, நான் சித்தப்பா பாட்டுதானே கேட்டேன்?"

"நீங்க சொன்னதைத்தான் அண்ணாச்சி எழுதுனேன். நீங்க சொன்னதுல உங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். வாசல்ல செருப்போட நிக்கறீங்க, அவ்வளவுதான் கிடைச்சீங்க."

கேட்டீங்களா பேச்சை? நான் அம்புட்டு விவரமா சொல்லியிருக்கேன். இப்ப உங்ககிட்டயும் சொன்னேன். அதுல நான் எங்க இல்ல? எழுதறவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்னு நினைச்சுக்கிட்டேன். அது பாட்டை யூட்யூப்ல வேற போட்டு விட்டுருச்சு. அம்புட்டுதான், காட்டுத்தீ மாதிரி பத்திக்கிச்சு. இப்ப எங்க மண்டபத்துல முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் அதுதான். அவங்கவங்க சித்தி பேரைப் போட்டுப் பாடித் தரச் சொல்றாங்க. ஆவணி மாசம் பூரா ஆபீஸ் ரூம்ல உக்காந்து நான் அதைக் கேட்டேன்.

இப்ப சுகாவுக்கு ஆறாவது மாசம். அடுத்த மாசம் வளைகாப்பு. அதுக்குத்தான் போய்க்கிட்டு இருக்கேன், ஜெபராணிகிட்ட. இந்தத் தடவை சித்தப்பா பாட்டு. தப்பே நடக்கக்கூடாதுன்னு நானே பக்கத்துல உக்காந்து வரி வரியாக் கேக்கப் போறேன்.

காலையில கிளம்பறேன். இந்திராணி டிபன் கட்டிக்கிட்டே, "அந்தம்மாகிட்ட என்ன சொல்லப் போறீங்க"ன்னா. அவளுக்கு இது எப்படித் தெரியும்னு எனக்குப் புரியல. நான் ஒண்ணும் சொன்னதில்ல. சரி, கேட்டுட்டாளேன்னு, மயில் டான்ஸு, காலேஜுன்னு சொன்னேன். சிரிச்சா. அப்புறம் சொல்றா, "கோவில்பட்டிக் கடையைச் சொல்லுங்க."

அது ஒண்ணும் இல்ல தம்பி. கோவில்பட்டியில எனக்கு ஒரு டயர் கடை இருந்துச்சு. மெயின் ரோட்டு மேல, நல்லா ஓடுன கடைதான். சுகாவுக்கு ஏழு வயசு முடியறப்ப அண்ணனுக்கும் மதினிக்கும் ஒரே ஊருக்கு, அருப்புக்கோட்டைக்கு மாத்தல் வந்துருச்சு. பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவங்க பிள்ளை, அவங்க கூட்டிட்டுப் போறாங்க, நாம என்ன சொல்ல முடியும்? இந்திராணி அழுகலை. ஆனா சாப்பாடு நேரத்துக்கு அந்தச் சின்னத் தட்டைக் கழுவி வைப்பா. எங்க ரெண்டு பேர் தட்டுக்குப் பக்கத்துல. அப்புறம் அதைப் பார்த்துட்டு, எடுத்து உள்ளே வைப்பா. மறுநாளும் அப்படியே. நான் கொஞ்ச நாள் பார்த்தேன். அப்புறம் கடையைக் கேட்டவனுக்கு வித்துட்டேன். அவகிட்ட கேக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல. லாரி வந்து வாசல்ல நின்னப்புறம்தான் அவளுக்குத் தெரியும். அண்ணன் வீட்டுக்கு அடுத்த தெருவுல வீடு பார்த்து வச்சிருந்தேன். சாமானை இறக்கிக்கிட்டு இருக்கோம், சாயங்காலம் ஸ்கூல் விட்டு சுகா பையோட நேரா எங்க வீட்டுக்குள்ள வந்து, சித்தி பசிக்குதுன்னுச்சு. அவ்வளவுதான் நடந்தது.

புது ஊர்ல கடை போடலாம்னு இருந்தேன். அமையல. மண்டபத்துல மேனேஜர் வேலை கிடைச்சது, சேர்ந்துட்டேன். முதலாளியா இருந்தவன் சம்பளத்துக்குப் போறானேன்னு நாலு பேரு பேசுனாங்க, பேசிட்டுப் போகட்டும். எனக்கு அது ஒரு குறையாவே தோணுனதில்ல. அதனாலதான் ஜெபராணிகிட்டயும் சொல்லலை, ஞாபகத்துக்கே வரலை.

அதைப் போய்ச் சொல்லுங்கறா இவ. வளைகாப்பு வீட்டுல, நல்ல நாளும் அதுவுமா, கடையை மூடுன கதையைப் பாட்டா வைக்கச் சொல்றா. பொம்பளைக்கு மேடை விஷயம் என்ன தெரியும்? எந்த இடத்துல கை தட்டுவாங்க, எந்த இடத்துல கண்ணு கலங்கும்னு எனக்குத் தெரியாதா? நான் அந்த டீச்சர்கிட்ட போட்ட சத்தத்தைத்தான் இந்தத் தடவை இன்னும் விளக்கமா சொல்லப் போறேன். அதுதான் தம்பி சரணத்துக்கு நிக்கும். கடையை மூடிட்டு வந்தவனுக்கெல்லாமா பாட்டு எழுதுவாங்க?